ஒன்பதாவது கட்டம்

அடகுக் கடையில் இருபத்திரண்டு டாலர்.
வயிற்றில் யாரோ வரைந்த அன்னாசிப்பழம், பாதி உரிந்தது.
நான் கேட்டது கிட்டார்.
உன் அறைக்கு உகுலேலே போதும் என்றான் கடைக்காரன்.
என் அறையை அவன் பார்த்ததில்லை,
ஆனால் சரியாகத்தான் சொன்னான்.

இரவு பதினொன்றுக்கு வேலை முடியும்.
எட்டு மணி நேரம் சிகாகோ என் காதுக்குள் அலறும்.
எங்கே இருக்கிறீர்கள், மூச்சு இருக்கிறதா,
கதவைத் திறந்து வையுங்கள், வண்டி கிளம்பிவிட்டது.
வண்டி போய்ச் சேர்ந்ததா என்று
எனக்கு யாரும் சொல்வதில்லை.

அப்புறம் மூன்றாம் மாடி. ரேடியேட்டர் சீறும்.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்காருவேன்,
மடியில் அன்னாசி.

சி செவன்த்துக்கு ஒரே ஒரு விரல்.
முதல் தந்தி, முதல் மெட்டு. அவ்வளவுதான்.
மற்ற மூன்று தந்திகளும் சும்மா கிடக்கும்.
இத்தனை மலிவாக ஒரு துக்கம் கிடைக்குமென்று
தெரிந்திருந்தால் முன்பே வாங்கியிருப்பேன்.
எஃப் செவன்த் அப்படியில்லை.
மூன்று விரல்கள் ஒன்றன் காலை ஒன்று மிதிக்கும்,
சுண்டுவிரல் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்.

ப்ளூஸ் இறங்க வேண்டிய இசை.
இதிலோ இறங்க இடமில்லை.
தடித்திருக்க வேண்டிய நான்காம் தந்தி
மெலிந்துபோய் உச்சக் குரலில் நிற்கிறது.
நிலவறை இல்லாத வீடு.
அதனால் தரையிலிருந்தே ஏறுகிறேன்:
மூன்றாம் தந்தி வெறுமனே, பிறகு அதன் மூன்றாம் மெட்டு,
இரண்டாம் தந்தியில் ஒன்று இரண்டு மூன்று,
முதல் தந்தியில் ஒன்று, ஒன்றைத் தாண்டி மூன்று.
ஆறு சுரம் நடந்தால்
ஏழாவதில் புறப்பட்ட வாசலே வந்துவிடுகிறது.

அந்த இரண்டாவது சுரத்தில்தான் எனக்கு வேலை.
மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும்.
நைலான் லேசில் வளையாது,
கெஞ்சினால் ஒரு மயிரிழை தரும்.
அந்த மயிரிழையில் செவ்வாய்க்கிழமை அழைத்த ஒருவர் இருக்கிறார்.
என் மனைவி எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், என்றார்.
அது அழுகை இல்லை. பேச்சும் இல்லை.

டொம்.

கீழ்வீட்டு கிளீட்டஸ் வார்ஃபீல்ட்.
இறைச்சிக் கூடத்தில் மாட்டுத் தொடை வெட்டுகிறவர்,
காலை நான்கு மணிக்கு அலாரம்.
துடைப்பக் கம்பால் கூரையில் இடிக்கிறார்.
எனக்கு அது தரை.
வெட்கத்தில் கையை எடுத்துவிட்டேன்.
எடுத்த பிறகும் கட்டங்கள் நிற்கவில்லை,
தலைக்குள் எண்ணிக்கொண்டே போயின.
ப்ளூஸின் வழக்கமும் அதுதான்:
இரண்டு கட்டம் கேட்க வேண்டும், இரண்டு கட்டம் சும்மா இருக்க வேண்டும்.

டொம். கொஞ்சம் விட்டு, டொம்.

இரண்டாவது அடியில் ஒன்று, நான்காவது அடியில் ஒன்று.
தற்செயல் என்று நினைத்தேன்.
சோதித்துப் பார்க்க மறுபடி தொடங்கினேன், கொஞ்சம் மெதுவாக.
துடைப்பமும் மெதுவானது.
கோபக்காரன் இப்படி இடிக்க மாட்டான்.
பன்னிரண்டு கட்டம் சுற்றி வந்தோம்,
அவர் என்னைப் பார்க்காமல், நான் அவரைப் பார்க்காமல்.
கடைசி ஜி செவன்த்தில் நான் தடுக்கி விழுந்தபோது
துடைப்பம் ஒரு அடி காத்திருந்தது.

மறுநாள் மாடிப்படியில் அவரைப் பார்த்தேன்,
தோளில் உப்பு மூட்டை, படியிலிருந்த பனிக்கட்டிக்கு.
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
"ஒன்பதாவது கட்டத்தில் ஓடுகிறாய்,
நாய் துரத்துகிற மாதிரி," என்றார்.
உப்பை அள்ளித் தூவியபடி இறங்கிப் போனார்.

இன்றிரவு பூட்ஸைக் கழற்றி வைத்தேன்.
ஒன்பதாவது கட்டம். ஜி செவன்த், மூன்று விரல்.
நான்கு அடியும் அங்கேயே நின்றேன்,
நாய் வந்தால் வரட்டும்.
கீழேயிருந்து சத்தமே இல்லை.
தூங்கிவிட்டார் போலிருக்கிறது. தூங்கட்டும், நாலு மணிக்கு எழ வேண்டியவர்.
காலுறையோடு என் குதிகாலே
இரண்டிலும் நான்கிலும் தரையைத் தொட்டுக்கொண்டது,
எஃப் செவன்த் வரும்வரை, மெல்ல.